ஒன்றரை அங்குல விரல்

கட்டடப் பொறியாளர்கள் சங்கத்திலிருந்து போன வாரம் போன் வந்தது. "ஆண்டு மலர் போடறோம் சார். உங்க சர்வீஸ்லயே மறக்க முடியாத வேலை ஒண்ணப் பத்தி எழுதிக் குடுங்க. வேலைக்கு முன்னாடி ஒரு படம், முடிஞ்ச பின்னாடி ஒரு படம். கிளாரா மேன்ஷன் பத்தி எழுதினா ரொம்ப நல்லா இருக்கும். பரிசு வாங்கின பில்டிங் இல்லையா?" என்றார்கள்.

பரிசு வாங்கிய கட்டடம்தான். பரிசு கொடுத்த அன்று எடுத்த படத்தில் இரண்டாவது வரிசை ஓரத்தில் நானும் நிற்கிறேன், வெள்ளைச் சட்டை, வாயெல்லாம் பல். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பல்லைத் தட்டிக் கையில் கொடுக்க வேண்டும் போல எனக்கே ஆத்திரம் வருகிறது. மறக்க முடியாத வேலை என்று கேட்டீர்கள். சரி, எழுதுகிறேன். எழுதிய பிறகு ஒரு வரியை எடுத்தாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நான் தங்கராசு. பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் ஒரு காண்டிராக்ட் கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்துக்குச் சுண்ணாம்புத் தளம் போட வந்த கூட்டத்தில் சித்தாளாகச் சேர்ந்து, கொத்தனாராகி, பிறகு சைட் சூப்பர்வைசர் ஆனேன். படிப்பு பத்தாம் வகுப்பு. மற்றதெல்லாம் சுவர் கற்றுக் கொடுத்தது, அதைவிட அதிகமாகப் பத்மினி மேடம் கற்றுக் கொடுத்தார். வேலை பழகிய காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கையில் சுண்ணாம்பு பட்டு வெந்தது, ஆறியது, மறுபடி வெந்தது, அவ்வளவுதான்.

கிளாரா மேன்ஷன் கன்டோன்மென்ட்டில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே அதிகாரிகளுக்கும் வக்கீல்களுக்கும் வாடகைக்கு விடுவதற்காகக் கட்டிய மூன்று மாடி வீட்டுத் தொகுதி. பன்னிரண்டு வீடு. முன்புறம் வளைவு வைத்த வாசல், கறுப்பு வெள்ளைக் கல் பாவிய கூடம், தேக்கு மரப் படிக்கட்டு. பின்புறம் ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையையும் தொட்டுக்கொண்டு மேலே போகும் இரும்புச் சுருள்படி. அது எதற்கு என்று கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் கழிப்பறைக்கு அடியில் தகர வாளி வைத்திருப்பார்கள். அதை எடுக்க வருகிறவர்கள் வீட்டுக்காரர்கள் கண்ணில் படாமல் ஏறி, கண்ணில் படாமல் இறங்கிப் போக வேண்டும். அதற்காகத்தான் அந்தப் படி. பிறகு குழாய் வந்தது, செப்டிக் டேங்க் வந்தது, சுருள்படியில் உடைந்த நாற்காலியும் பழைய பேப்பரும் அடைந்து கிடந்தன. எல்லாரும் முன்படியில்தான் ஏறினார்கள். வேலை செய்ய வருகிறவர்களும் முன்படியில்தான் ஏறினார்கள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சுவரையும் வாசல்களையும் பழையபடி ஆக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் சங்கம் எங்களைக் கூப்பிட்டபோது சுவர் இருந்த இருப்பைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. எவனோ ஒரு புண்ணியவான் சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து வைத்திருந்தான். சுண்ணாம்புச் சுவர் மழையைக் குடிக்கும், வெயிலில் வெளியே விடும். அதன் மேல் சிமென்ட்டைப் பூசுவது, வேர்த்து விறுவிறுக்க வந்தவனுக்கு ரெயின்கோட்டை மாட்டி உட்கார வைப்பது போல. உள்ளே நின்ற ஈரம் உப்பாகப் பூத்து, செங்கல் மாவாக உதிர்ந்து, இரண்டாம் மாடி சன்ஷேடு ஒரு நாள் ஸ்கூட்டர் மேல் விழுந்திருக்கிறது. ஸ்கூட்டரில் ஆள் இல்லை. அதனால்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். ஆள் இருந்திருந்தால் கட்டடத்தையே இடித்திருப்பார்கள்.

இங்கே மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்மினி மேடம்தான் எங்கள் கம்பெனியின் ஆர்க்கிடெக்ட். கே.கே. நகரிலிருந்து தன் பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு காலை ஏழரைக்கு வந்துவிடுவார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கையில் பழைய கனமான ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று வைத்திருப்பார். அதைக் கொண்டு சுவரைச் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போவார். 'டிக்' என்றால் பூச்சு பிடித்திருக்கிறது. 'டொக்' என்றால் உள்ளே விட்டுவிட்டது. விட்டுப்போன இடத்தைச் சுற்றி நான் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். வட்டத்துக்குள் மட்டும்தான் உடைக்கலாம். ஒரு விரல்கடை தாண்டி உடைத்தாலும் அன்று முழுக்கப் பேசமாட்டார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும்.

நாம் ஏதாவது சொன்னால் அவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வரும்: "தங்கராசு, இது உங்க கருத்தா, சுவரோட கருத்தா?"

ஒரு தடவை, "இந்த வளைவுக்கு மஞ்சள்தான் மேடம் அடிச்சிருப்பாங்க" என்றேன். கேள்வி வந்தது. சர்ஜிக்கல் பிளேடை எடுத்துக் கையில் கொடுத்தார். பழைய பூச்சை ஒவ்வொரு படலமாகச் சுரண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு தீப்பெட்டி அளவு மட்டும் விட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். முடிந்ததும் சுவரில் ஏணி சாய்த்தது போல வரிசையாகச் சதுரங்கள் தெரியும். ஒவ்வொரு சதுரமும் ஒரு காலம். நாங்கள் அதற்கு ஏணி என்றே பேர் வைத்திருந்தோம். அந்த வளைவுக்குப் பதினொரு படி வந்தது. அடியில் இருந்தது மஞ்சள் இல்லை, பாசிப் பச்சை.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. காணாமல் போன பாகம் தானாக விழுந்தது என்று சுவர் சொன்னால், புதிதாகச் செய்து வைக்கலாம். ஒருவர் வேண்டுமென்றே எடுத்தது என்று சுவர் சொன்னால் தொடக் கூடாது. அதுவும் கட்டடத்துக்கு நடந்த ஒரு காரியம். இன்னொன்று, நாம் வைக்கிற எதையும் அடுத்து வருகிறவன் பழசுக்குச் சேதம் இல்லாமல் எடுக்கும்படி வைக்க வேண்டும்.

இந்த இரண்டையும் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். மனப்பாடம் செய்தவனுக்குத்தான் எங்கே ஏமாற்றலாம் என்றும் தெரியும்.

எட்டு மாதம் வேலை நடந்தது. சுண்ணாம்பைக் குழியில் நீற்றி வாரக்கணக்கில் ஊற வைத்தோம். கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைக்கும் அன்றைக்கு மட்டும் ஊரே கேமராவோடு வந்தது. ஊறுகிற சுண்ணாம்பைப் படம் எடுக்க ஒருத்தரும் வரவில்லை. காத்திருப்பதில் என்ன படம் இருக்கிறது? வெளிச்சுவர் முடிந்து, வாசல் வளைவும் முடிந்தது. கடைசியாக வளைவுக்கு இடப்புறம், பின்பக்கம் போகும் சந்து தொடங்கும் இடத்துச் சுவர் மிச்சம் இருந்தது. அதில் ஒரு முழ நீளத்துக்கு லேசாக மேடு தட்டியது. மேடம் அந்த வாரம் வெளியூரில் இருந்தார். நானே பிளேடை எடுத்தேன்.

மேலே ஏழு படலம். ஏழாவதாக வந்தது நீலம் கலந்த சுண்ணாம்பு, அடியிலிருந்து எண்ணினால் ஐந்தாவது. அதற்குக் கீழே எழுத்து. சுண்ணாம்பில் மேடாக வார்த்த எழுத்து, மேலே ஆங்கிலம், கீழே தமிழ்: "வேலைக்காரரும் தோட்டிகளும் பின்வழியே." எழுத்துக்கு இடையில் இருந்த பள்ளத்தையெல்லாம் யாரோ சுண்ணாம்பைக் குழைத்து அடைத்து, மட்டம் தட்டி, நீலம் அடித்திருந்தார்கள். எழுத்தின் முடிவில் ஒரு கை. சட்டைக் கையின் மடிப்பு, அதில் ஒரு பொத்தான், பொத்தானில் நான்கு துளை. மூன்று விரல் மடங்கி, சுட்டு விரல் மட்டும் சந்தைக் காட்டி நீண்டிருந்தது. சுட்டு விரலுக்கு நுனி இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். எழுத்து என்ன சொல்கிறது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. நான் அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு துளை! எவ்வளவு சின்ன கரண்டியால் இழைத்திருப்பான்! என் வேலைக் காலத்தில் அப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. அந்த விரலை என்னால் முடிக்க முடியும் என்று தோன்றியது. வேண்டும் என்று தோன்றியது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத வயது இல்லை எனக்கு. ஐம்பத்தேழு.

உடைந்த முகத்தைக் கைவிளக்கு வைத்துப் பார்த்தேன். விழுந்து உடைந்தால் முகம் கரடுமுரடாக, ஓரம் சிதறி இருக்கும். இது வழுவழுவென்று சாய்வாக இருந்தது. மேலிருந்து உளி வைத்து ஒரே அடி. உளியின் அகலம்கூடத் தெரிந்தது. அந்த வெட்டு முகத்தின் மேல் முதலில் ஒட்டியிருந்த பூச்சு நீலம். பச்சையோ, அதற்கு அடுத்ததோ இல்லை, எழுத்தை அடைத்த அதே நீலம். குருடனுக்கும் விளங்கும். ஒருவர் உளியால் விரலை வெட்டியிருக்கிறார். எழுத்தை அடைத்திருக்கிறார். மேலே நீலம் அடித்திருக்கிறார். எல்லாம் ஒரே கை, ஒரே சமயம். சுவர் அவ்வளவு தெளிவாக என்னிடம் அதுவரை பேசியதில்லை.

போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, எழுத்தை அடைத்திருந்த சுண்ணாம்பையும் வெட்டு முகத்து நீலத்தையும் வழித்துச் சுத்தம் செய்தேன்.

மேடம் திரும்பி வந்து பார்த்தார். வெகுநேரம் எழுத்தின் முன் நின்றார். "இத மூடிடலாமா, இப்படியே வச்சு, பக்கத்துல ஒரு விளக்கம் எழுதி வைக்கலாமா" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். பிறகு விரலைக் காட்டினார். "இது எப்படி உடைஞ்சுது?"

"எப்பவாவது சாரம் கட்டறப்ப இடிச்சிருக்கும் மேடம்."

"இது உங்க கருத்தா, சுவரோட கருத்தா?"

"சுவரோடதுதான் மேடம்" என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. முப்பது வருடப் பழக்கத்தில் நான் அவரிடம் பொய் சொன்னதில்லை, அதனால் நம்பினார். எழுத்தை அப்படியே விட்டு, பக்கத்தில் விளக்கப் பலகை வைப்பது என்று முடிவானது; ரிப்போர்ட்டில் 'விரல் நுனி விபத்தால் சேதம்' என்று ஏறியது. என் கையெழுத்து.

ஒன்றரை அங்குல விரலுக்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். ஊறிய சுண்ணாம்பும் சலித்த மணலும் சேர்த்து, நடுவில் ஒரு பித்தளைக் கம்பி கொடுத்து, தென்னங்குச்சியைச் சீவி நகம் இழைத்தேன். நகத்தின் அடியில் பிறை இருக்கும் இல்லையா, அதையும் வைத்தேன். சாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கி வந்து பார்த்து, "அண்ணே, மோதிரம் ஒண்ணு போட்டு விடுங்க" என்று கேலி பண்ணினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

திறப்பு விழாவில் மணப்பாறை முறுக்கும் காபியும் கொடுத்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அந்தக் கையோடு செல்ஃபி எடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் சங்கச் செயலாளர் கோபிநாத் சார், பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், என் தோளில் கை போட்டு, "ஒரிஜினல் லெட்டரிங்! இந்த ஊர்லயே இல்ல" என்று எல்லாருக்கும் காட்டினார். பக்கத்தில் வைப்பதாகச் சொன்ன விளக்கப் பலகை வரவில்லை. "அடுத்த மாசம் சார்" என்றார்கள். பரிசும் வந்தது. அதற்குப் பிறகு பலகையைப் பற்றிக் கேட்க யாருக்கு நேரம்?

ஒரு வருடத்துக்கு மேல் ஆகி, ஒரு மழைக்காலம் தாண்டியதும் பூச்சு எப்படி நிற்கிறது என்று பார்க்கப் போனேன். ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, காவேரிப் பாலத்தில் காற்று வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரிதான் போனேன். முன்சுவரைத் தட்டிப் பார்த்தேன், எங்கும் 'டிக்'. பின்பக்கம் போனேன். குப்பை எல்லாம் எடுத்துச் சுருள்படியையும் நாங்கள்தான் துரு நீக்கிக் கறுப்பு அடித்திருந்தோம். அதன் இரண்டாவது சுற்றில், சுவரைப் பார்த்தபடி ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தூக்குவாளி.

லூர்தம்மா. எடமலைப்பட்டி புதூரிலிருந்து வருகிறவர். இந்தக் கட்டடத்தில் இருபத்திரண்டு வருடமாக வீட்டு வேலை. மூன்றாம் மாடியில் படுக்கையாக இருக்கும் டீச்சரம்மாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டுவது அவர்தான். வேலை நடந்த எட்டு மாதமும் எங்களுக்குக் குடிதண்ணீர் பிடித்து வைத்ததும் அவர்தான். அப்போதெல்லாம் முன்படியில்தான் ஏறி இறங்குவார்.

"என்ன லூர்தம்மா, இங்க உக்காந்திருக்கீங்க?"

"முட்டி பூட்டிக்கிச்சு சார். ஏறவும் முடியல, இறங்கவும் முடியல. செத்த நேரம் உக்காந்தா விட்டுடும். தெனம் நடக்கறதுதான்."

"முன்னாடி படி என்னாச்சு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் போர்டுல எழுதியிருக்குல்ல சார். திறப்பு விழா முடிஞ்ச மறுநாளே செக்ரட்டரி சார் சொல்லிட்டாரு. இது ஹெரிடேஜ் பில்டிங், பழைய முறைப்படிதான் நடக்கணும், வேலைக்கு வர்றவங்க எல்லாம் பின்வழின்னு. வாட்ச்மேனும் விடமாட்டேங்கறாரு. ரெண்டாம் மாடியில ரெண்டு வீடு பாத்துட்டிருந்தேன், ஏற முடியலன்னு விட்டுட்டேன். அங்க வேற ஆள் வச்சுட்டாங்க. டீச்சரம்மாவ மட்டும் விட மனசு வரல. இன்னும் எத்தன நாளைக்கு ஏறுவேன்னு தெரியல."

அவரே மறுபடி பேசினார்.

"அந்தக் கைய நீங்கதான செஞ்சீங்க? நல்லா இருக்கு சார். நகம்கூட இருக்கு."

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே பாராட்டினார். செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

நேராகக் கோபிநாத் சார் வீட்டுக்குப் போனேன். சோபாவில் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"என்ன சார் இது? அந்தம்மா முட்டியப் பிடிச்சிட்டு நடுப்படியில உக்காந்திருக்காங்க."

"தங்கராசு, டென்ஷன் ஆகாதீங்க. நாங்களா எழுதி வச்சோம்? நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. நீங்கதான் கைய முழுசாக்கினீங்க. உங்க ரிப்போர்ட்ல என்ன இருக்கு? பழைய நிலைக்குக் கொண்டு வந்தோம்னு இருக்கு. நாங்க அதத்தான் ஃபாலோ பண்றோம். எங்களுக்கு யார் மேலயும் ஒரு இது கிடையாது."

ஒரு இது கிடையாதாம்! அந்த 'இது' என்னவென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை வாயால் சொல்ல அவருக்கு வெட்கம். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சொல்வதற்குத்தான் சுவரில் ஒரு கையை நான் செய்து கொடுத்திருக்கிறேனே! உடைந்த விரலோடு இருந்தவரை அது ஒரு பழைய சங்கதி. விரல் முளைத்ததும் உத்தரவு ஆகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு ஆனது என்பார்கள். நான் குரங்கைத்தான் பிடித்தேன், பிள்ளையார் என்று சொல்லிப் பரிசு வாங்கினேன்.

வாசலுக்கு வந்து, அந்தக் கையின் முன்னாலேயே நின்றுகொண்டு மேடத்துக்குப் போன் போட்டேன். லூர்தம்மா விஷயத்தைச் சொன்னேன். "அந்த விரல எடுத்துடணும் மேடம்" என்றேன்.

அவர் கேட்டார், எனக்குத் தெரியும் கேட்பார் என்று: "தங்கராசு, இது உங்க கருத்தா, சுவரோட கருத்தா?"

"சுவரோடது மேடம். அன்னைக்கு நான் சொன்னதுதான் என் கருத்து."

உளித் தழும்பைச் சொன்னேன். நீலத்தைச் சொன்னேன். போனில் இருந்த படத்தை அனுப்பினேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "படம் தெளிவா இருக்கு" என்றார். "ரிப்போர்ட்ல இது இல்லையே?"

"எழுதல மேடம்."

"அப்ப எழுதுங்க. எழுதிட்டு எடுங்க."

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் எழுதினேன். விரல் விபத்தால் உடையவில்லை, உளியால் வெட்டப்பட்டது, எழுத்தும் அப்போதே அடைக்கப்பட்டது, இதை நான் பார்த்தும் மறைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் பேசாமலே அதை வாங்கி, கீழே இரண்டு வரி எழுதினார். இந்தக் கட்டடம் எழுத்து அடைத்த நிலையில்தான் மிக அதிக காலம் நின்றிருக்கிறது, எனவே மறுபடி அடைக்க வேண்டும் என்று. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் கழித்துப் பகல் பதினொரு மணிக்குப் போனேன். திருட்டு வேலை என்று யாரும் சொல்லக் கூடாது.

ஏணி போட்டேன். விரலைச் சுற்றி இருந்த சுண்ணாம்பை நனைத்து, நனைத்து, மெல்ல இளக்கினேன். வாட்ச்மேன் ஓடிப் போய்ச் செயலாளரைக் கூட்டி வந்தார். கோபிநாத் சார் கீழே நின்று கத்தினார்.

"யார் பர்மிஷன்ல பண்றீங்க? ஹெரிடேஜ சேதப்படுத்தறீங்க. நான் போலீஸ்ல சொல்லுவேன்!"

"சொல்லுங்க சார். தங்கராசு அவன் விரல அவனே எடுத்துட்டுப் போறான்னு சொல்லுங்க. பழைய சுவர்ல ஒரு கீறல் விழுந்தா உள்ள போட்டுக்கட்டும்."

கம்பியோடு திருகினேன், வந்துவிட்டது. அடியில் அந்தச் சாய்வான வெட்டு முகம் அப்படியே இருந்தது. ஓரத்தில் நான் வழிக்காமல் விட்ட நீலம் ஒரு மிளகு அளவு ஒட்டியிருந்தது. யார் வெட்டினார்கள் என்று தெரியாது. வாளி தூக்க வந்தவராக இருக்கலாம். சுண்ணாம்பு அடிக்க வந்த என்னைப் போன்ற ஒரு கொத்தனாராகவும் இருக்கலாம். எந்தப் பரிசும் வாங்காமல், பெயரும் எழுதாமல், ஒரே அடியில் சரியாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். அதை நான் ஒன்பது நாள் உட்கார்ந்து கெடுத்திருக்கிறேன். எழுத்துப் பள்ளத்தையும் கையைச் சுற்றிய பள்ளத்தையும் சுண்ணாம்பால் அடைத்து மட்டம் தட்டினேன். மேலே நீலம் கலந்து அடித்தேன்.

வீட்டுக்காரர்கள் சங்கம் கம்பெனிக்குப் புகார் எழுதியது. மேடத்தின் இரண்டு வரி இருந்ததால் என்னை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் அடுத்த சைட்டுக்குக் கூப்பிடவில்லை. பணி ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தது, வீட்டிலேயே கழிந்தது. மாலை இல்லை, சால்வை இல்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு பொய்க்கே இவ்வளவு பட்டாயிற்று.

நான் பூசி முடித்த மறுநாள், கோபிநாத் சாரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "இனிமே யாரையாவது பின்வழியா அனுப்பணும்னா நீங்களே ஒரு போர்டு எழுதி, கீழ உங்க பேரப் போட்டு மாட்டுங்க சார். வெள்ளைக்காரன் எழுதினான், தங்கராசு எழுதினான்னு சொல்ல முடியாது." இன்றுவரை அப்படி ஒரு போர்டு மாட்டவில்லை. வாட்ச்மேனும் யாரையும் தடுப்பதில்லை. செத்தவன் கையைக் காட்டி ஒருத்தரை விரட்டுவது சுலபம். தன் கையைக் காட்டி விரட்டத்தான் தைரியம் வேண்டும். அந்தத் தைரியமும் இல்லாத மனிதர்கள்தான் ஓர் அம்மாவை ஒரு வருடத்துக்கு மேல் இரும்புப் படியில் ஏற வைத்தார்கள்.

லூர்தம்மா இப்போது தேக்குப் படியில்தான் ஏறுகிறார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து. டீச்சரம்மா வீட்டு வேலை தப்பியது. போன இரண்டு வீடு திரும்பி வரவில்லை. கூடத்தில் அவரைப் பார்த்தபோது ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று ஒரு அற்ப ஆசை எனக்கு இருந்தது.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல சார்" என்றார். "முட்டியாவது மிஞ்சியிருக்கும்." சொல்லிவிட்டு அடுத்த படியில் காலை வைத்தார்.

பொறியாளர்கள் சங்கத்துக்காரர்களே, முன்–பின் படம் கேட்டீர்கள், இரண்டும் அனுப்பியிருக்கிறேன். இரண்டும் ஒரே படம் என்று நினைத்து ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முன் படம் நீலம் வரை சுரண்டியதும் எடுத்தது: நீலச் சுவர், கையும் இல்லை, எழுத்தும் இல்லை. பின் படத்திலும் அப்படித்தான். நடுவில் பதினான்கு மாதம் அங்கே ஒரு விரல் இருந்தது. என் சர்வீஸில் நான் செய்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான்.